ஒளி கட்டிய சுங்கம்

கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்று குழந்தை கேட்டால், "வானத்தின் சாயை அதில் விழுகிறது" என்று விடை பகர்ந்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ராலே பிரபுவும் அவ்வாறே கருதினார். 1921-இல் சீமைக்குச் சென்று திரும்பிய ஸி. வி. ராமன் மட்டும் சும்மா இருக்கவில்லை. கப்பல் தளத்தில் நின்று, வானத்தின் பிரதிபலிப்பை ஒரு சிறு பளிங்குக் கருவியால் விலக்கிவிட்டு மத்தியதரைக் கடலை நோக்கினார். நீலம் குன்றவில்லை. நீரே ஒளியைச் சிதற அடிக்கிறதென்பது விளங்கிற்று.

கல்கத்தா பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. 1923-இல் அவருடைய மாணாக்கர் கே. ஆர். ராமநாதன், தண்ணீரில் சிதறிய ஒளியிலே வேறு நிறத்தின் மெல்லிய சுவடொன்று கலந்திருக்கக் கண்டார். நீரில் அழுக்கிருக்கும் என்றெண்ணித் திரும்பத் திரும்பச் சுத்தி செய்தார். சுவடு போகவில்லை. கண்முன்னே நின்ற அந்தப் பெரும் உண்மை இன்னாரென்று அறியப்படாமலே ஐந்து ஆண்டுகள் கழிந்தன!

அந்தச் சுவடு யாது? ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பது. பென்ஸீன் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கரியணு வளையம் விநாடிக்கு ஏறக்குறைய 30 லட்சம் கோடி தடவை விரிந்து சுருங்கும். அந்த அதிர்வை ஒரு படி உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி மிகச் சொற்பம். ஆயினும் அது திட்டமான அளவு. அதில் பாதியைத் தந்தால் மூலக்கூறு ஏற்காது. பாதரஸ விளக்கின் ஊதா நீலக் கிரணம் வந்து மோதும்போது, எப்போதோ ஒரு முறை, அந்த அளவை மாத்திரம் சுங்கமாகக் கட்டிவிட்டு மிச்சத்தோடு வெளியேறுகிறது. அக்காலத்து நாணயக் கணக்கிலே சொன்னால், ரூபாய்க்குச் சுமார் எட்டுத் தம்பிடி! சக்தி குறைந்த கிரணம் சிவப்புப் பக்கமாகச் சற்றே நகர்கிறது. 4358 ஆங்ஸ்ட்ராமாக உள்ளே போனது, ஏறக்குறைய 4555 ஆங்ஸ்ட்ராமாக வெளிவருகிறது. முன்னமே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு தன் சக்தியைக் கிரணத்துக்குக் கொடுத்தனுப்புவதும் உண்டு. அது இன்னும் அபூர்வம்.

சுங்கம் கட்டும் கிரணம் கோடியில் ஒன்று தேறினால் அதிகம். அதைப் பிடித்த உபாயமோ வெகு எளிது. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் வண்ணக் கண்ணாடிகள் இரண்டை எடுத்துக்கொண்டனர். ஒன்று விடும் ஒளியை மற்றது முழுதும் தடுக்கும். முதற் கண்ணாடியின் வழியே வந்த சூரிய ஒளியைத் திரவத்திலே பாய்ச்சி, இரண்டாவதைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். இருளே தோன்றவேண்டிய இடத்தில் ஒளி தெரிந்தது! வழியிலே நிறம் மாறியதாலன்றோ அது தப்பி வந்தது? 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி பாதரஸ விளக்கை வைத்து நோக்கியபோது புதிய கோடுகள் தனித்தனியே தெரிந்தன.

அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவரும் படிகக் கல்லில் இதையே கண்டார்கள். ஆனால் வெளியிடுவதற்குத் தாமதித்துவிட்டனர். 1930-இல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. ருஷ்யர்களின் மனத்தாங்கல் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். திரவம் மாற்றித் திரவமாக இரவு பகல் சோதித்த கிருஷ்ணனின் பெயரும் நம் வீடுகளில் இன்னும் அதிகமாக வழங்கவேண்டும் என்பதே நம் எண்ணம்.

பொருளுக்குப் பொருள் இந்தச் சுங்கம் வேறு. ஆகையால் சீசாவைத் திறவாமலே உள்ளிருக்கும் மருந்து இன்னதென்று சொல்லிவிடலாம். 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க வண்டி, இவ்வகைக் கருவிகள் இரண்டை உடன் கொண்டுபோயிருக்கிறது. அங்குள்ள பாறைகளைக் கேட்டறிவதற்காக.