பக்கத்துக் கல்லூரி

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் சாயங்காலம் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். கல்லூரி விட்டு, பூதப்பாண்டிக்கும் தாழக்குடிக்கும் டவுன் பஸ் பிடிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். மகனையோ மகளையோ சென்னை, பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட வந்த அம்மா அப்பாக்கள் இன்னொரு பக்கம். முன்பெல்லாம் ஊர்விட்டுப் போவது பட்டத்துக்குப் பிறகுதான். இப்போது பிளஸ் டூ முடிந்ததுமே பெட்டி கட்டிவிடுகிறார்கள்.

நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-லேயே கல்லூரியாகிவிட்டது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. நான்கு வருடம் கழித்துக் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் கல்லூரிப் பெயரில் திருவிதாங்கூர் அப்படியே நின்றுவிட்டது. வயக்காட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிகளின் பெரிய தகுதி, காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பலாம் என்பதுதான்.

இந்துக் கல்லூரியில் கணிதம் படித்த இருவரைச் சொல்கிறேன். வீரநாராயணமங்கலத்து விவசாயி மகன் சுப்பிரமணியம் 1972-இல் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். நாகர்கோவிலுக்கு அப்போது ரயிலே கிடையாது. அது வந்தது 1979-இல். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காத நாஞ்சில் நாட்டு இளைஞனின் அவமானத்தை அவர் 1977-இல் 'தலைகீழ் விகிதங்கள்' என்ற நாவலாக்கினார். நமக்கு அவர் நாஞ்சில் நாடன். 2010-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார்.

இன்னொருவர் சரக்கல்விளை சிவன். பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தும் அப்பா இசையவில்லை. பக்கத்துக் கல்லூரி என்றால் வகுப்பு முடிந்து வயலுக்கு வந்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. கல்லூரிக் காலம் முழுக்க வேட்டிதான். பி.எஸ்சி. முடித்ததும், நிலத்தை விற்றாவது பொறியியல் படிக்க வைக்கிறேன் என்று அதே அப்பா முன்வந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அன்று பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கென்றே மூன்று வருடப் பொறியியல் படிப்பு இருந்தது. அப்துல் கலாமும் அந்த வழியாக வந்தவர்தான். அங்கே படித்த சிவன் 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்து, 2018-இல் அதன் தலைவரானார்.

ஒரே கல்லூரி, ஒரே பாடம். ஒருவர் சொல்லுக்கும் மற்றவர் ராக்கெட்டுக்கும் வந்து சேர்ந்தார்கள். பதினேழு வயதில் மூடிய கதவு இருபது வயதில் திறந்ததும், அதுவரை ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க பக்கத்திலேயே ஒரு கல்லூரி இருந்ததும்தான் அன்றைய வசதி.

இன்றைக்கு வசதிகள் கூடியிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பஸ் காசுக்குக் கணக்குப் பார்த்த வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் பொறியியல் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற முடிவைப் பதினேழு வயதிலேயே எடுத்தாக வேண்டியிருக்கிறது. தயங்கவும் திசை மாறவும் நேரமில்லை. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளையிடம், "வேற எங்கயும் கிடைக்கலியா மக்கா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது.

முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, கலைகிறார்கள். அதோடு நிற்க வேண்டாம். கணித வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பட்டம் முடித்த பிறகு என்னென்ன வழிகள் உண்டு, தாம் எந்த வழியில் தட்டித் தடுமாறிப் போனோம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். பூதப்பாண்டி பஸ்ஸில் வீடு திரும்பும் பிள்ளைக்கு, தான் சேர்ந்த இடம் கடைசி இடமல்ல, தொடக்கம்தான் என்று அனுபவித்தவர்கள் வாயிலிருந்தே கேட்கக் கிடைக்க வேண்டும்.