டோபி காட்: மேலே வீசிய காற்று, கீழே அடைபட்ட காற்று

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் ரோடு தொடங்கும் முனையில் இன்று ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கும் பகுதி, 19ஆம் நூற்றாண்டில் துணி காயப்போடும் திடலாக இருந்தது. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் சுங்கை பிராஸ் பாசா ஓடையில் துணிகளை அடித்துத் துவைத்து, அங்கே விரித்தார்கள். வெயிலும் காற்றும் இருந்தால் அன்றைய கூலி உண்டு; மேகம் திரண்டால் பிழைப்பில் மண். ஓடை பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாயானது. டோபிகள் போய்விட்டார்கள், டோபி காட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மண்ணுக்கு அடியில் இப்போது வேறொரு காற்று ஓடுகிறது. 1987 டிசம்பர் 12 அன்று வடக்கு-தெற்குப் பாதையின் டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்தது. 2003இல் லிட்டில் இந்தியாவுக்குப் போகும் வடகிழக்குப் பாதையும் 2010இல் வட்டப் பாதையும் வந்து சேர்ந்தன. மூன்று பாதைகளும் இங்கே சுரங்கத்தில்தான்.

திறந்தவெளியில் ரயில் வந்தால் காற்று நாலாபக்கமும் விலகிக்கொள்ளும். சுரங்கத்தில் அதற்கு இடமில்லை. சைக்கிள் பம்பின் தண்டைப் போல ரயில் முன்னால் இருக்கும் காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டு வருகிறது. பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டு போகிறது. வடக்கு-தெற்குப் பாதையின் நடைமேடையில் கண்ணாடிக் கதவருகே நின்றால் இது தெரியும். ரயிலின் விளக்கு கண்ணில் படுமுன்பே கதவிடுக்கில் மெல்லிய ஊதல் எழும். ரயில் நின்றதும் அது அடங்கிவிடும்.

உயரமான அந்தக் கண்ணாடிக் கதவுகளை 1987இலேயே சுரங்க நிலையங்களில் பொருத்திவிட்டார்கள். முதல் நோக்கம் குளிர்சாதனக் காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமல் காப்பது. ஆனால் சுரங்கத்தின் புழுதியும் வீச்சும் பயணியின் முகத்தில் அடிக்காமல் போனதும், தண்டவாளத்தில் யாரும் விழாமல் போனதும் அதே கதவுகளால்தான். செலவைப் பார்த்துத் தயங்காமல் செய்த நல்ல காரியம் அது. தரைக்கு மேலே உள்ள நிலையங்களுக்கு பாதி உயரக் கதவு கிடைக்க 2009 முதல் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுரங்கக் கூரையிலிருந்து ஏதாவது விழுந்தால் இந்தக் காற்று அதை என்ன செய்யும்? அது விழும் பொருளைப் பொறுத்தது. காகிதமோ பிளாஸ்டிக் பையோ என்றால் காற்றோடு போய்விடும். கான்கிரீட் துண்டைக் காற்று அசைக்காது; அது நேராக இறங்கும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வினாடி. அந்த ஒரு வினாடியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எம்ஆர்டி ரயில் 22 மீட்டர் முன்னேறியிருக்கும். 300 கிலோமீட்டர் வேக ரயில் 83 மீட்டர். எதிரே வரும் காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 80இல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ எடையளவு. 300இல் 400 கிலோவைத் தாண்டும். சுரங்கத்துக்குள் இந்த அழுத்தம் ஒலியின் வேகத்தில் அலையாக முன்னே ஓடி, சுவரை ஒவ்வொரு ரயிலுக்கும் ஒருமுறை தள்ளி ஒருமுறை இழுக்கிறது. விழுந்த துண்டைவிட, இன்னும் விழாமல் விரிசலோடு தொங்கிக்கொண்டிருக்கும் துண்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஜப்பான் இதைக் கண்ணெதிரே கண்டது. 1999 ஜூன் 27 அன்று, சான்யோ ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையின் ஃபுகுவோகா சுரங்கத்தில் சுமார் 200 கிலோ கான்கிரீட் பெயர்ந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலின் கூரையில் விழுந்தது. கூரை சேதமானது, நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கட்டும்போது முதலில் கொட்டிய கான்கிரீட் இறுகிய பிறகு அடுத்ததைக் கொட்டியதால் இரண்டும் ஒட்டாமல் போன இடம் அது. அதே ஆண்டு அக்டோபரில் கிட்டக்யூஷு சுரங்கத்திலும் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அதன்பிறகு சுரங்கங்களின் உட்சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டி, எங்கே ஓசை பொள்ளலாக ஒலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் சோதித்தார்கள்.

சிங்கப்பூரில் அவ்வளவு வேகம் இல்லை. கோலாலம்பூர் அதிவேக ரயில் திட்டமும் கைவிடப்பட்டதாக 2021 ஜனவரி 1 அன்று அறிவித்தார்கள். ஆனாலும் சின்னப் பொருள் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்பது டோபி காட் பாதைக்கே தெரியும். 2011 டிசம்பர் 15 மாலை, மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் கொக்கிகள் கழன்றன. தண்டவாளம் தொய்ந்து, ரயிலின் அடியில் மின்சாரம் வாங்கும் பாகங்களை உடைத்தது. நகர மண்டபத்துக்கும் டோபி காட்டுக்கும் இடையே ரயில் சுரங்கத்தில் நின்றுபோனது. மின்சாரம் போனதால் விசிறி நின்றது. ரயில் ஓடவில்லை என்பதால் சுரங்கக் காற்றும் நகரவில்லை. புழுக்கம் தாங்காமல் ஒரு பயணி தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தார். பலர் இருட்டில் தண்டவாளத்தின் வழியே நடந்து நிலையத்தை அடைந்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை 2012இல் வந்தது; ரயில் நிறுவனம் 20 லட்சம் வெள்ளி அபராதம் கட்டியது.

கொக்கியை முறுக்குவதும் விரிசலைப் பார்ப்பதும் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையே கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் நடக்கிறது. 2017 டிசம்பரில் கிழக்கு-மேற்குப் பாதையின் சில நிலையங்களை முன்கூட்டியே மூடி, காலையில் தாமதமாகத் திறந்தபோது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் கூடுதல் நேரம் போதாது என்றுதான் பட்டது. இன்னும் கொடுக்கலாம்; பயணிகள் நாம் பேருந்தில் போய்க்கொள்ளலாம்.