கல்லுக்கு அடங்கிய வெள்ளம்

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோவின் வடக்கே இருக்கிறது யாட்டெங்கா வட்டாரம். ஆண்டு மழையில் பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மேல்மண் போன இடங்களில் தரை சிமென்ட் போட்டதுபோல் இறுகிக் கிடக்கிறது. அங்கே விழும் மழை உள்ளே இறங்காது. மிச்சமிருக்கும் மண்ணையும் வழித்துக்கொண்டு ஓடும்.

1960களின் தொடக்கத்தில் இதைத் தடுக்க இயந்திரங்கள் வந்தன. ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் மண்வரப்புகள் எழுந்தன. நிலத்துக்காரர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. உடைந்த வரப்பைக் கட்ட உழவர்களும் முன்வரவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை கரைந்துபோயின.

நிலைத்தது, 1980களில் உழவர்களே அடுக்கிய கல்வரிசைதான். முழங்கால் உயரம்கூட இராது. மண்வரப்பு நீரை மறிக்கும்; பெருமழையில் உடையும். கல்வரிசையோ இடுக்குகள் வழியே நீரைக் கசியவிடும். வேகம் குறைந்ததும் வண்டலும் சருகும் விதையும் கல்லின் மேற்புறம் தங்கிவிடும். ஆனால் வரிசை சமமட்டத்தில் ஓட வேண்டும். ஓரிடம் தாழ்ந்தாலும் வெள்ளம் அங்கே திரண்டு அறுத்துக்கொண்டு போகும். அந்த நிலத்தின் சரிவோ கண்ணுக்கே தெரியாது. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் திட்டம் அதற்குக் கொடுத்த கருவி, நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாய்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் பழகிக்கொண்டார்கள்.

கல்வரிசைகளுக்கு இடையே ‘ஸாய்’ எனும் விதைப்புக் குழிகள். கூர்கா கிராமத்து உழவர் யாகூபா சவாடோகோ இந்தப் பழைய முறையை மேம்படுத்தினார். குழியைப் பெரிதாக்கி, கோடையிலேயே எருவும் இட்டார். எருவைத் தேடி வரும் கரையான் இறுகிய தரையைத் துளைக்கும்; முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கும். சோளமும் கம்பும் விளைந்தன. எருவோடு வந்த விதைகள் மரங்களாகி, பொட்டல் காடாயிற்று. 2018இல் அவருக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. 2023இல் காலமானார்.

இதில் உழைப்பு கொஞ்சமல்ல. ஹெக்டேருக்கு 10,000 குழிகளுக்கு மேல், கொளுத்தும் கோடையில், கையால் வெட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் கல் தீர்ந்த ஊர்களில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மாளாது. மண்காப்புக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் புதுக் கருவி தேடுமுன் அந்த ஊர்களுக்குக் கல் ஏற்ற லாரியும், வெட்டுகிறவர்களுக்குக் கூலியும் கொடுக்கட்டும்.