மலிவான தூண்டில் தடியும் ரீலும்: தெரிவு செய்வது எப்படி?

மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களில் மீன்பிடிச் சாமான் விற்கும் சகோதரர்களே! கொட்டியாரக்குடாவில் பாரை, சீலா பிடிக்க விலை கூடிய தடி தேவையில்லை. ஏழடி ஃபைபர் கிளாஸ் தடி போதும். கார்பன் தடி பாரம் குறைந்தது. ஆனால் தோணி விளிம்பில் அடிபட்டால் முறியலாம்.

தடியில் மிச்சம் பிடிக்கும் காசை ரீலில் போடச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் முதலில் கெடுப்பது ரீலைத்தான். 3000 அல்லது 4000 இலக்க ஸ்பின்னிங் ரீல் பொருத்தமானது. பெட்டியில் அச்சிட்ட பெயரிங் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். துருப்பிடிக்கும் பத்தை விடத் துருப்பிடிக்காத நான்கு மேல்.

கொள்முதல் செய்யுமுன் சோதியுங்கள். கைபிடியைச் சுற்றினால் கரகரக்கக் கூடாது. டிராக்கை அளவாக இறுக்கித் தங்கூசியை இழுத்தால் சீராக ஓட வேண்டும். தடி வளையங்களுக்குள் பஞ்சை ஓட்டுங்கள். சிக்கினால் வெடிப்புண்டு, அது தங்கூசியை அறுக்கும்.

பாவித்த பின் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தும்படி வாங்குபவரிடம் கூறுங்கள். குளத்து மீனுக்குச் செய்த ரீலைக் கடலுக்கென்று விற்றால் இலாபம் ஒரு நாளைக்குத்தான். வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். குறையைச் சொல்லி விற்கும் வியாபாரத்தில்தான் பரக்கத் உண்டு.