நின்ற பிறகு வரும் இரத்தம்

கடைசி மாதவிலக்குக்குப் பிறகு 12 மாதங்கள் இரத்தமே வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவக் கணக்கு. அதன் பிறகு பெண்ணுறுப்பின் வழியே எவ்வளவு இரத்தம் கசிந்தாலும், பாவாடையில் பொட்டளவு பழுப்புக் கறையே ஆனாலும், அது இயல்பானதல்ல. ‘உடம்புச் சூடு’, ‘விட்ட தீட்டு திரும்பியிருக்கிறது’ என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களிலேயே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. கசிவின் அளவை வைத்தும் காரணத்தைச் சொல்ல முடியாது. சாதாரணச் சதை வளர்ச்சி கொட்டித் தீர்க்கலாம். புற்றுநோய் சொட்டோடு நின்றுவிடலாம்.

பெரும்பாலும் காரணம் வறட்சிதான். சினைப்பைகள் ஓய்ந்ததும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கருப்பையின் உட்சவ்வும் யோனிச் சுவரும் மெலிந்து, ஈரப்பசை இழந்து, லேசாக உரசினாலும் கசிகின்றன. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், உடலுறவில் வலி ஆகியவையும் சேர்ந்து வரலாம். மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குப் போதும்.

இதற்கு நேர்மாறானது சவ்வு தடித்துப்போவது. சினைப்பை ஓய்ந்தாலும் உடலில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு வற்றிவிடுவதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடல் பருமன் கூடக்கூட இந்த உற்பத்தியும் கூடுகிறது. மாதாமாதம் சவ்வை அடக்கிவைத்த புரோஜெஸ்டிரோனோ இப்போது இல்லை. தட்டிக்கேட்க ஆளில்லாமல் சவ்வு வளர்கிறது. அதில் மாறுபட்ட உயிரணுக்கள் தோன்றினால் புற்றுநோயாகவும் மாறக்கூடும். பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதனால்தான். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமோக்சிஃபென் மாத்திரைக்கும் இப்படியொரு இரட்டைக் குணம் உண்டு: மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கருப்பையிலோ ஈஸ்ட்ரோஜனைப் போலவே சவ்வைத் தூண்டும்.

பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி கருப்பைக்குள்ளும் அதன் வாயிலும் வரும், பெரும்பாலும் தீங்கற்றது. பழைய ஸ்கேனில் கண்ட நார்க்கட்டியின் மேல் பழியைப் போடுவது வழக்கம், ஆனால் மாதவிடாய் நின்றபின் நார்க்கட்டிகள் சுருங்குவதே இயல்பு. அந்த வயதிலும் வளரும் கட்டியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இப்படிக் கசிவு வரும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பைச் சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்குக் கசிவு இருந்திருக்கிறது. நோய் கருப்பையைத் தாண்டுவதற்குள்ளேயே எச்சரிக்கும் அறிகுறி இது. அந்த நிலையில் அறுவை சிகிச்சையிலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இந்தியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோயும் அதிகம். உடலுறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை அதைச் சுட்டும். எனவே ஸ்கேன் எடுத்தாலும், மருத்துவர் கருப்பை வாயை நேரில் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது.

வேறு காரணங்களும் உண்டு. கருப்பை இறக்கத்துக்காக வைத்த வளையம் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் யோனியைப் புண்ணாக்கியிருக்கலாம். ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் கசியலாம். இரத்தம் சிறுநீரிலோ மூலத்திலோ வந்ததாகவும் இருக்கலாம். எங்கிருந்து என்று நோயாளிக்கே தெரியாமல் போவதுண்டு.

முதலில் செய்வது யோனி வழி ஸ்கேன். சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தாண்டினால், இளநீர் உறிஞ்சும் குழலைவிட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்திச் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும் வலி இருக்கும். தேவைப்பட்டால் ஹிஸ்டெரோஸ்கோப் என்னும் கருவியால் உள்ளே பார்த்து பாலிப்பை அகற்றுவார்கள்.

ஒருமுறை ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வந்தாலும், மறுபடி கசிந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். சவ்வு மெலிந்திருக்கும்போதே வளரும் புற்றுநோய் வகைகளும் உண்டு.