அப்பாவுக்கு ஒரு கிலோ ஜெர்க்கின்!

"கோயமுத்தூர்ல குளிரா? போங்க சார், ஊட்டிக்காரன் கேட்டா சிரிப்பான்!" என்பார், சென்னையிலிருந்து மாற்றலாகி எங்கள் ஆபீஸுக்கு வந்த நண்பர். அவரை மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு அவிநாசி ரோட்டில் மொபெட் ஓட்டச் சொல்ல வேண்டும். பல் தந்தியடித்து முடித்த பிறகு பேசட்டும்!

என் அப்பா தினமும் அப்படித்தான் வீடு திரும்புகிறார். முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் சைடர். மில்லை மூடியபின் நைட் வாட்ச்மேன். குளிருக்கு அவர் ஆயுதம், தலையில் சுற்றிய ஈரிழைத் துண்டு. போன மார்கழியில் இருமல் நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு இழுத்தது. உட்கார்ந்தபடியே தூங்கினார். "நெஞ்சுல குளிர்காத்துப் படாமப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர்.

கடையில் ஒரு ஜெர்க்கின் வாங்கி வந்தேன். அப்பா விலைச்சீட்டைத்தான் முதலில் பார்த்தார். "ரெண்டாயிரமா? திருப்பிக் குடுத்துட்டு வந்துரு கண்ணு. எனக்குத் துண்டு போதும்."

சரி, நாமே தைத்தால் என்ன? வீட்டில் அம்மாவின் பழைய சிங்கர் மிஷின் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தையல்... அறுந்த பட்டனைத் தைப்பது!

ஒரு லீவு நாளில் திருப்பூர், காதர்பேட்டை. "மூணு மீட்டர் குடுங்க" என்றேன். கடைக்காரர் சிரித்தார். "பனியன் துணி எல்லாம் கிலோக் கணக்குங்க தம்பி!" பிறகு பாடமே எடுத்தார். துணியின் கனத்துக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 320 ஜி.எஸ்.எம். துணி ஒரு கிலோ வாங்கினால் மூன்று சதுர மீட்டருக்கு மேல் வரும். ஓர் ஆளுக்குத் தாராளம்.

அவர் கொடுத்தது ஃபிளீஸ். வெளியே பனியன் மாதிரி வழவழப்பு, உள்ளே பூனைக்குட்டி முதுகு! பின்னலின் உள்பக்க வளையங்களைக் கம்பி பிரஷ் உருளைகளால் கிளறிப் பஞ்சாக்கி விடுகிறார்கள். அந்தப் பஞ்சுக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்ததிலிருந்து திருப்பூருக்கு உலகமே வாடிக்கை. ஐரோப்பாக்காரனின் குளிர்கால உடுப்பை இங்கே வேர்க்க விறுவிறுக்க வெயில் காலத்திலேயே தைக்க ஆரம்பிக்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் அப்பாவுக்கோ துண்டு!

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு தரம் அலசிக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கி, அப்பா ஜெர்க்கின் அக்கா பையனுக்குப் போய்விடும். அப்பாவின் பழைய சட்டையை நியூஸ் பேப்பரில் வைத்து வரைந்தேன். உள்ளே சட்டை போடுவாரே... அதனால் மார்புச் சுற்றளவோடு ஆறு அங்குலம் கூட்டினேன்.

சாதாரண ஊசி பின்னலைக் குத்திக் கிழித்து ஓட்டை போடும். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசிதான் சரி. நூல், பாலியெஸ்டர். தோள் தையலில் நாடா வைத்துத் தைக்காவிட்டால் தோள் தொங்கும். மணிக்கட்டு ரிப் துணியைக் கை வாயைவிடக் கால் பங்கு குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். ஓரங்களுக்கு ஓவர்லாக், தெருமுனை டெய்லர் உபயம்.

ஜிப்பில்தான் மானம் போனது. துணி இழுபட்டு, ஜிப் பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டு தரம் பிரித்தேன். மூன்றாம் தரம், முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, அடியில் காகிதம் வைத்து, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகவே தைத்தேன். முக்கால்வாசி நேராக வந்தது.

போட்டுக்கொண்டு நானே மொபெட்டில் ஒரு ரவுண்டு போனேன். நிற்கும்போது கதகதப்பு, ஓடும்போது நெஞ்சில் ஜில்! பின்னல் துணியில் காற்று புகுந்து வருகிறது. பரணிலிருந்த ஒடிந்த குடையைப் பிரித்து, அதன் கறுப்புத் துணியை மார்புப் பக்கம் உள்ளே வைத்துத் தைத்தேன். காற்று வாலைச் சுருட்டிக்கொண்டது. மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

அப்பா வாங்கியவுடன் உள்பக்கம் திருப்பினார். விரலால் நெருடிப் பார்த்தார். "முப்பதாம் நம்பர் நூலாட்டம் இருக்குது..." என்றார். யார் தைத்தது என்று கேட்கவில்லை. ஜிப்பே காட்டிக் கொடுத்திருக்கும்!

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டே வந்து இறங்கினார். துண்டு மடித்தபடி கேரியரில் இருந்தது. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இருமாமல் பேசினார்.

"அடுத்த கேட்டு வாட்ச்மேன் எங்க வாங்குனீங்கன்னு கேட்டாருடா."

"என்னப்பா சொன்னீங்க?"

"என்ற பையன் தெச்சதுன்னு சொன்னேன். அவருக்கும் ஒண்ணு வேணுமாமா..." என்றவர், சற்று நிறுத்திச் சொன்னார்: "ஜிப்பு மட்டும் கடையில குடுத்து வெச்சுக்கறாராம்!"