வளைவுப் பாதையும் வால் எலும்புக் கட்டியும்

பெலிஹுல்ஓயா தாண்டியதும் ஏ4 வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்கும். ஹல்துமுல்லை, பெரகல, கொஸ்லந்தை என்று மரக்கறி லொறி ஓட்டும் பொடியனுக்கு வளைவுக்கு வளைவு இடுப்பு சீற்றில் அரையும். வியர்வையில் காற்சட்டை ஒட்டிக் கிடக்கும். ஒருநாள் வால் எலும்புக்குச் சற்று மேலே, பிட்டங்கள் பிரியும் கோட்டில், விண்விண்ணென்று ஒரு வீக்கம். உட்கார முடியாது. உடைந்தால் நாற்றச் சீழும் இரத்தமும். சூட்டுக் கட்டி என்பார் ஒருவர், மூலம் என்பார் இன்னொருவர். மூலமும் பவுத்திரமும் மலவாயைச் சேர்ந்தவை. இது தோலின் கோளாறு. கிட்டத்தில் பார்த்தால் நடுக்கோட்டில் குண்டூசித் தலையளவில் ஒன்றிரண்டு துளைகள் தெரியும். சிலவேளை ஒன்றிலிருந்து முடி எட்டிப் பார்க்கும். கீறினால் உள்ளே முடிக்கற்றையே கிடக்கும்.

அந்த முடி எங்கிருந்து வந்தது? பிறக்கும்போதே தோலுக்கடியில் தங்கிப்போன கோளாறு என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அதனால் அடியோடு தோண்டி எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 79,000 பேர் இதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். குலுங்கும் ஜீப்பில் போனவர்களுக்கு வந்ததால் ‘ஜீப் நோய்’ என்றே பெயராயிற்று. தோண்டிய பள்ளம் மாதக்கணக்கில் ஆறவில்லை. நோயைவிட வைத்தியம்தான் அவர்களைப் படுக்க வைத்தது என்பேன்.

பழைய நம்பிக்கையை அசைத்தது ஒரு சலூன்காரரின் கை. 1940களில் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் பேட்டி, முடிவெட்டுகிறவர் ஒருவரின் விரலிடுக்கில் இதே மாதிரி முடிக்குழியைக் கண்டார். விரலிடுக்கில் முடி முளைக்காதே! வாடிக்கையாளர்களின் தலைமுடிதான் தோலைத் துளைத்திருந்தது. முடியின் மேற்பரப்பு செதில் செதிலானது. சாரத்தில் ஏறிய ஒட்டுப்புல் விதைபோல, அசைய அசைய ஒரே திசையில் உள்ளே போகும். அண்மை ஆய்வுகளில், பிட்டக்குழியில் அகப்பட்ட முடிகளில் பல, வேரில்லாமல் கூராக வெட்டுப்பட்ட குட்டை முடிகள். பிடரியில் வெட்டியவை முதுகுவழியே இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். முடிவெட்டிய கையோடு குளிக்கச் சொன்ன நம் பெரியவர்கள் தீட்டுக்காகச் சொன்னார்கள். பலன் இதற்கும் உண்டு போலிருக்கிறது.

பருவ வயதிலிருந்து நாற்பது வரை, அதிலும் ஆண்களுக்கே இது அதிகம். தடித்த முடி, ஆழமான பிளவு, உடற்பருமன், நெடுநேரம் உட்கார்ந்த வேலை எல்லாம் சேர்ந்து வழிவிடுகின்றன.

சீழ் கட்டிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, கீறி வடிக்க வேண்டும். ஹல்துமுல்லைக்காரர்கள் அதற்குத் தியத்தலாவைக்கோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ போகலாம். திரும்பத் திரும்ப வந்தால்தான் பெரிய சத்திரசிகிச்சை. கிரேக்க இராணுவ டொக்டர் ஜோர்ஜ் கரிடாகிஸ் இதில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தினார். தையலை நடுக்கோட்டிலிருந்து ஒருபக்கம் தள்ளி, பிளவின் ஆழத்தையும் குறைத்தார். முடி குவியப் பள்ளமே இல்லையென்றால் எங்கே நுழையும்? தம்மிடம் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் திரும்பியதாக 1992இல் எழுதினார். சிறிய குழிகளுக்குத் துளையை மட்டும் வெட்டியெடுத்து, முடியைத் துப்புரவாக்குவதே போதலாம். லேசரில் அந்த இடத்து முடியை நீக்கினால் மீண்டும் வரும் வாய்ப்புக் குறையும். நோவே தராத துளையைத் தொடாமல் விடலாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ‘இடுப்பு நோவுது’ என்று சொல்லி வலிமாத்திரையோடு திரும்புகிறவர்கள், குப்புறப் படுத்து அந்த இடத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. பார்த்த மாத்திரத்தில் டொக்டருக்கு விளங்கிவிடும். பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது.